முன்சக்கரத்துச் சந்தனம்

மெர்சிக்காக எல்லோரும் கைதட்டும்போது சுபாஷும் தட்டுவான். சத்தம் மட்டும் வராது. உள்ளங்கைகள் சேர்வதற்குள் வேகத்தைக் குறைத்துவிடும் அந்த வித்தையை, அவள் கம்பெனிக்கு வந்த பிறகுதான் அவன் கற்றுக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு முகம் நிறையச் சிரிப்புத் தெரியும். வயிறு எரிவது தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால் மெர்சி நல்லவள். கெட்டவள் மேல் பொறாமைப்படுவது சுலபம். அதற்குக் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். இவளோ சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவனுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து, "அண்ணே, இது மதினிக்கு" என்று நீட்டுகிற ரகம். அந்த மிட்டாய் நன்றாக இருந்ததுகூட அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் வருவதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சுபாஷ் வடக்குப்பட்டுக்காரன். அவன் தெருவில் வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஒரு கார் ஆலைக்கு ஷிப்டு போகிறவர். ஆனால் பந்தயக் காருக்கு வேலை செய்கிறவன் அவன் ஒருவன்தான். ஒரகடத்தின் பெரிய ஆலைகளுக்கு நடுவே, பக்கத்து மதில் சுவரில் பாதி உயரம்கூட இல்லாத ஒரு ஷெட்டில் நடக்கிறது அவன் கம்பெனி. செய்வது ஒரே பொருள். விடிய விடிய, நாள் முழுக்க ஓடுகிற நெடும்பந்தயக் கார்களின் முன்சக்கரங்களுக்கு நடுவே உட்காரும் ஒரு மோட்டார்.

அந்த மோட்டாருக்கு இரண்டு வேலை. ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்தால் அது டைனமோவாகிவிடும். வீணாய்ச் சூடாகிப் போக வேண்டிய வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் போட்டுவிடும். வளைவு முடிந்து வண்டி பாயும்போது அதே மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சக்கரத்தைத் தள்ளும். கேட்க லேசாக இருக்கிறது. சிக்கல் பிரேக் தட்டில்தான். இந்தக் கார்களில் இருப்பது கார்பன் தட்டு. சூடாக இருந்தால்தான் பிடிக்கும், ஆறிவிட்டால் வழுக்கும். மோட்டாரே எல்லா வேகத்தையும் விழுங்கிவிட்டால் தட்டு ஆறிப்போகும். ஆகவே மோட்டாருக்கு எவ்வளவு, தட்டுக்கு எவ்வளவு என்று யாராவது பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்குக் கணக்குக்கு மேப் என்று பெயர். கம்பெனியில் மேப் எழுதுகிறவன் சுபாஷ். மெர்சி வரும்வரை அவன் மட்டும்தான்.

சுபாஷின் மேப் சம்சாரிக் குடும்பம் மாதிரி. எந்த வளைவாக இருந்தாலும் தட்டுக்கு இவ்வளவு என்று முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை மோட்டாருக்குத் தரும். மெர்சியின் மேப் வேறு விதம். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்ன சென்சார். தட்டைத் தொடாமலே தூரத்திலிருந்து அதன் சூட்டைப் பார்க்கும். தட்டு நல்ல சூட்டில் இருந்தால் முழுவதையும் மோட்டாருக்கே கொடு. ஆறுகிற மாதிரி தெரிந்தால் தட்டுக்குத் திருப்பு. கம்பெனிக்குள்ளேயே சோதனை பெஞ்சில் ஓட்டிப் பார்த்தபோது அவள் மேப் திருப்பி எடுத்த மின்சாரம் அவனுடையதைத் தூக்கிச் சாப்பிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான், அவன் வழக்கப்படி.

அப்போதுதான் தலைமை இன்ஜினியர் தோத்தாத்ரி சார் சொன்னார். "பெஞ்ச்ல ஓடறது வேற, ட்ராக்ல ஓடறது வேற. ரெண்டு மேப்பையும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓட்டிப் பாத்துடுவோம். எது ஜாஸ்தி எடுக்கறதோ அதுதான் வளைகுடா பந்தயத்துக்குப் போகும். எழுதினவா வண்டியோட போவா. ஒருத்தருக்குத்தான் எடம்."

ஒருவருக்குத்தான் இடம். அந்த வாக்கியம் சுபாஷின் காதில் விழுந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் மனைவி லீலாவோ புருஷன் பாரின் போவது முடிவாகிவிட்ட மாதிரி தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். "இன்னா, எப்ப கிளம்பறாரு உன் வூட்டுக்காரரு?" என்று தண்ணீர் லாரி வரிசையில் கேட்கிறார்களாம். அவன் போகாவிட்டால் அந்தத் தெருவில் தலை காட்ட முடியாது. அதுகூடப் பரவாயில்லை. தன் இடத்தில் இவள் போவதைத்தான் அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. ட்ராக்கின் ஓரத்தில் ஷெட்டுக்குள் வண்டி நின்றது. முன்பக்க மூடியான மூக்கைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே கம்பெனியின் மோட்டார் தெரிந்தது. தோத்தாத்ரி சார் நெற்றி நாமத்தோடு, கையில் எலுமிச்சம்பழப் பையோடு வந்து இறங்கினார். உலகத்தில் எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இல்லாத ஒரு விதி அவர் அகராதியில் உண்டு. பூஜை போடாமல் ஒரு வண்டி முதல் ஓட்டம் ஓடாது. பொட்டு வைப்பது மட்டும் எப்போதும் சுபாஷ்தான். அவன் கை ராசியான கை என்று அவர் முடிவுகட்டி வருஷக்கணக்காகிறது.

"சுபாஷ், ஆரம்பிப்பா. நல்ல நேரம் போயிண்டிருக்கு."

சுபாஷ் சந்தனக் கிண்ணத்தை எடுத்தான். ஸ்டியரிங், நான்கு சக்கரங்கள், பேட்டரிப் பெட்டி, மோட்டார். பிறகு, மோட்டாருக்கு இரண்டு பக்கத்திலும் சக்கரத்தை ஒட்டி இருக்கிற தாங்கியில், கறுப்பாக உருண்டையாக ஒரு போல்ட் மூடி இருக்கும். அதன் மேல், பக்கத்துக்கு ஒன்றாகப் பொட்டு வைப்பது அவன் கை கண்ட வழக்கம். கறுப்பில் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். இன்றைக்கும் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று கெட்டியாக அப்பி, மேலே குங்குமம் வைத்தான். கண்ணை மூடி, 'என் மேப்பே ஜெயிக்கணும்' என்று வேண்டிக்கொண்டான். சூடம் காட்டியபோது மெர்சியும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் வண்டிக்கு நல்லது நடக்கிற எந்த இடத்திலும் அவள் தள்ளி நிற்கமாட்டாள். அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

முதலில் சுபாஷின் மேப். ஓட்டுநர் நாராயண் அடித்துத் தள்ளினான். எதிர்பார்த்த அளவு மின்சாரம் வந்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. அடுத்து மெர்சியின் மேப். சுபாஷ் திரையைப் பார்க்கத் துணிவில்லாமல் ட்ராக்கைப் பார்த்தபடி நின்றான். வண்டி திரும்பி வந்து நின்றபோது யாரும் கைதட்டவில்லை. தைரியம் வந்து திரையைப் பார்த்தான். அவள் மேப் அவனுடையதில் பாதிகூட எடுக்கவில்லை.

உள்ளுக்குள் ஒரு கரகாட்டமே ஆடி முடிந்தது. வெளியே அவன் "ச்சே" என்று உச்சுக் கொட்டினான்.

மெர்சி திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தட்டு சூடே ஏறலைண்ணே. ரெண்டு ஓட்டத்துலயும் ஆறித்தான் கெடக்கு. அதான் என் மேப்பு எல்லாத்தையும் தட்டுக்கே குடுத்துட்டு. பெஞ்சுல காத்து கெடையாதுல்லா, இங்க அடிக்க காத்துல தட்டு ஆறிருது. இதை யோசிக்காம என்னத்தப் படிச்சேனோ."

"காத்துதான் மெர்சி. காத்தை எவன் கணக்குப் பண்ண முடியும்?" என்றான் சுபாஷ், மிகுந்த பரிவோடு.

அந்த நேரம் பார்த்து நாராயண் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான். "ஆனா ஒண்ணுங்க, பிரேக் சும்மா நச்சுனு புடிச்சுது."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சுபாஷுக்கு மட்டும் உறுத்தியது. ஆறின தட்டு எப்படி நச்சென்று பிடிக்கும்? எல்லோரும் சாப்பிடப் போனதும் அவன் வண்டியிடம் போனான். சூடு தணிவதற்காக மூக்கைத் திரும்பவும் கழற்றி வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தான். வலது பக்கத்துத் தாங்கியில் அவன் வைத்த பொட்டு சூட்டில் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. பொட்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று போனது.

போல்ட் மூடிக்கு ஒயர் எதற்கு?

இடது பக்கம் போய்ப் பார்த்தான். அங்கேயும் பொட்டு, அங்கேயும் ஒயர். நேற்று மெர்சி சென்சார்களைப் பொருத்தியபோது அவன் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவள் வேலை செய்வதைப் பார்த்தால் அவனுக்குத் தாங்காது. மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அதே கறுப்பில் சென்சாரை வைத்திருக்கிறாள். அவன் அதன் முகத்தில் சந்தனத்தை அப்பியிருக்கிறான். சென்சார் பார்த்தது தட்டை அல்ல, சந்தனத்தை. சந்தனம் சொன்ன சூட்டைத்தான் அவள் மேப் நம்பியிருக்கிறது.

அவன் மேப்புக்கு சென்சாரே தேவையில்லை. அதனால் அது தப்பித்தது.

இதில் அவன் மேல் குற்றம் எதுவும் இல்லை என்பது உண்மை. தெரியாமல் வைத்ததுதான். ஓடிப்போய்ச் சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டியிருப்பார்கள். ஆனால் அவன் ஓடவில்லை. கட்டைவிரல் நகத்தால் வலது பக்கத்துப் பொட்டைச் சுரண்டி, தேய்த்து, சென்சார் கறுப்பாகும்வரை துடைத்தான். யார் கண்ணிலும் படாமல் போய்விட்டால் காற்றுதான் காரணம் என்று ஆகிவிடும். சாயங்காலம் எந்த மேப் என்று முடிவாக்கிப் பூட்டி, நாளைக்கு வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றிவிடுவார்கள். இடது பக்கம் போவதற்குள் மெக்கானிக் நடேசன் பல் குத்திக்கொண்டே வந்துவிட்டான்.

"இன்னா தலைவா, துன்னலையா? ஜெயிச்ச குஷில பசியே தெர்லயா?"

"சும்மா பாத்துக்கினு இருந்தேன்," என்றான் சுபாஷ், கையைப் பேண்டில் துடைத்தபடி.

நடேசன் அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான். இனி அவன் எழமாட்டான். சுபாஷ் வெளியே வந்தான். மெர்சி சாப்பிடாமல் ஷெட் நிழலில் நின்று துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டுக்கு வெளியே இருந்த கடையிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தான்.

"குடி. இதெல்லாம் சகஜம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவள் வந்த நாளிலிருந்து அவனுக்கு இவ்வளவு சந்தோஷமான நேரம் வாய்த்ததில்லை. அவள் அழுவதும் தான் தேற்றுவதும் அவனுக்குப் பாயசம் மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் அவளை அவனுக்கு நிஜமாகவே பிடித்தும் இருந்தது.

வெயில் சாய ஆரம்பித்தபோது தோத்தாத்ரி சார் வந்தார். "சரி, சுபாஷ் மேப்பையே பூட்டிடலாம். கங்க்ராட்ஸ் சுபாஷ். மெர்சி, மனசை விட்டுடாதேம்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். மெர்சி பலமாகத் தட்டினாள். அவள் கையிலிருந்து நிஜமான சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் சுபாஷின் பாயசத்தில் முதல் கல் தட்டுப்பட்டது.

"சார், அப்பம் அந்த சென்சாரக் கழத்திரலாம்," என்றாள் அவள். "அண்ணன் மேப்புக்கு அது தேவையில்ல. வீணா வெயிட்டு."

"நான் கழட்றேன்!" சுபாஷ் பாய்ந்து ஸ்பானரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். இடது பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். மெர்சியும் கூடவே வந்து பக்கத்தில் குந்தினாள். அவன் உள்ளங்கையால் பொட்டை மறைத்தான். கட்டைவிரல் அதன் மேல் இருந்தது. ஒரே தேய்ப்பு, தீர்ந்தது கதை.

"அண்ணே, எங்க அப்பாட்ட போன்ல சொல்லிட்டேன்," என்றாள் மெர்சி. "நான் போகல, எங்க அண்ணன்தான் போறாங்கன்னு. 'சொந்த அண்ணனா இருந்தா சந்தோசப்படுவல்லா, அதே மாதிரி சந்தோசப்படு'ன்னு அப்பா சொன்னாங்க. எனக்குச் சந்தோசந்தான்ணே. மதியம் அழுததெல்லாம் மனசுல வச்சிக்கிடாதீய. அங்க மழை கிழை பெஞ்சா மேப்ப எப்படி மாத்தணும்னு யோசிச்சு வச்சிருந்தேன். அதையும் சொல்லித் தாரேன், போறதுக்கு முன்னால."

சுபாஷின் விரல் நகரவில்லை.

தோற்றதில்கூட இவள் அவனை ஜெயித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் பெரிய மனசு அவளுடையது. அவனுக்குக் கிடைத்தது வெறும் டிக்கெட். அவன் வளைகுடாவில் இறங்கி நிற்கும்போதும், அவள் சொல்லித் தந்ததை வைத்து மழையில் மேப்பை மாற்றும்போதும், நாசரேத்தில் ஒரு மனிதர் அவளைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பார். அதை அவனால் தாங்க முடியவில்லை. அவனை அன்றைக்கு உண்மை பேச வைத்தது நேர்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச வைத்தது அதே பொறாமைதான். பெரிய மனசு என்கிற அந்த ஒன்றையாவது அவளிடமிருந்து தட்டிப் பறித்துவிட வேண்டும் என்று வெறி வந்துவிட்டது அவனுக்கு.

கையை எடுத்தான். "மெர்சி, இத்தப் பாரு. சந்தனம். சென்சார் மேலயே பொட்டு வச்சிட்டு கீறேன். தட்டு ஆறவே இல்ல. அது சந்தனத்தைப் பாத்துக்கினு கீது."

அவள் குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ! எப்பம்ணே பாத்தீய?"

"இப்பத்தான். இந்தக் கைய வச்சப்பதான் பாத்தேன்."

பொய் அவன் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குள் அவளுடைய அய்யோவைக் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். நடேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "தலைவா, ராசியான கைன்றது இதானா!" தோத்தாத்ரி சார் சிரிக்கவில்லை. சுபாஷின் தோளில் கை வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தேளா இவனை? டிக்கெட்டு கையில வந்தாச்சு. ஒரு வார்த்தை பேசாம தொடைச்சுட்டுப் போயிருக்கலாம். எவனுக்குத் தெரியும்? சொல்றான் பாருங்கோ. இந்த மனசு யாருக்கு வரும்!"

இதைக் கேட்கத்தான் அவன் அவ்வளவு பெரிய விலை கொடுத்திருந்தான். கேட்டான். தித்தித்தது. மெர்சி என்ன சொல்லப் போகிறாள் என்று ஆசையோடு திரும்பிப் பார்த்தான்.

மெர்சி அங்கே இல்லை. மற்ற சென்சாரையும் துடைப்பதற்காகத் துணியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போயிருந்தாள். அவள் குனிந்ததை அவன் பார்த்தான். குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். அங்கே துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. சென்சார் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. விளிம்பில் மட்டும் சுரண்டியதுபோக மிஞ்சிய மஞ்சளும், கட்டைவிரல் இழுத்த ஒரு தடமும் காய்ந்து கிடந்தன. பொட்டை அவன் ஒரு பக்கம் மட்டும் வைக்கிறவன் இல்லை என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் நிமிர்ந்தாள். மோட்டாருக்கு மேலாக அவனைப் பார்த்தாள். அவன் முகத்தை, பிறகு அவன் பேண்டில், மதியம் கையைத் துடைத்த இடத்தில் படிந்திருந்த மஞ்சளை. அவளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்குவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். எந்த இடத்தில் அந்த டீ அவள் நினைவுக்கு வந்தது என்பதுகூட அவனுக்குத் தெரிந்தது. அவள் உதடு லேசாகக் கோணியது.

"அந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கு?" என்று தோத்தாத்ரி சார் கேட்டார்.

சுபாஷ் பேண்டின் மேல் கையை வைத்து அந்த மஞ்சளை மூடினான்.

"சுத்தமா இருக்கு சார்," என்றாள் மெர்சி. "ஓட்டலாம்."

இருட்டுவதற்குள் இன்னொரு ஓட்டம் ஓட்டினார்கள். திரையில் தட்டின் சூடு கிடுகிடுவென்று ஏறியது. மெர்சியின் மேப் வளைவுக்கு வளைவு அள்ளியது. அவனுடைய மேப் பக்கத்தில்கூட வர முடியாத அளவுக்கு அள்ளியது. வண்டி வந்து நின்றதும் ஷெட்டே அதிர்ந்தது. நடேசன் விசில் அடித்தான். தோத்தாத்ரி சார், "மெர்சிம்மா, பாஸ்போர்ட் எடுத்து வச்சுக்கோ. ஆனா ஒண்ணு, இந்த வெற்றியில பாதி சுபாஷோடது, மறந்துடாதே," என்றார்.

சுபாஷ் கைதட்டினான். இந்த முறை சத்தமாகவே தட்டினான், கை வலிக்க. வயிற்றில் எரிவது குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். ஒரு துளி குறையவில்லை. லீலாவின் முகம் வந்தது, தண்ணீர் லாரி வரிசை வந்தது, விமான நிலையத்தில் மெர்சி தோளில் பையோடு நிற்பது வந்தது. எல்லாமே எரிந்தது.

கிளம்பும் நேரத்தில் அவன் அவளிடம் போனான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஏதாவது சொன்னால் திட்டுவாள். திட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கம்பெனி வாசலில் செக்யூரிட்டியைப் பார்க்கும்போது இருக்கிற மரியாதை இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ், சுபாஷ் சார்," என்றாள்.

அவளை வளைகுடாவுக்கு ஏற்றி அனுப்பிய அன்றும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். நடேசனிடம் மட்டும், "அண்ணே, போயிட்டு வாரேன். உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டாள். நடேசன் பல்லை இளித்துக்கொண்டு, "ஒண்ணும் வாணாம் தங்கச்சி, நீ ஜெயிச்சுக்கினு வா," என்றான். சுபாஷ் கொஞ்சம் தள்ளி நின்று, மெக்கானிக் நடேசனைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தான்.